உலாவி வேகமாக இயங்க: அமைப்புகளை முதன்முறை மாற்றுவோருக்கான வழிகாட்டி

இணையம் மெதுவாக இருக்கிறது என்று நாம் சொல்லும்போது, அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு குறைகளில் ஏதேனும் ஒன்று இருக்கலாம். வீட்டுக்கு வரும் இணைப்பே வலுவற்றதாக இருக்கலாம். இணைப்பு நன்றாக இருந்தும், கணினியின் நினைவகம் நிரம்பிப்போய் உலாவி திணறலாம். இவ்விரண்டும் சரியாக இருந்தும், திறக்கப்படும் பக்கம் விளம்பரங்களையும் நம்மைப் பின்தொடரும் நிரல்களையும் சுமந்துகொண்டு வருவதால் தாமதமாகலாம். எது நம் குறை என்று பார்க்காமலே அமைப்புகளை மாற்றத் தொடங்கினால், பத்து மாற்றங்களைச் செய்த பிறகும் எது உதவியது, எது கெடுத்தது என்று நமக்குத் தெரியாது. ஆகவே இந்த வழிகாட்டி அளப்பதில் தொடங்குகிறது.

கூகுள் குரோம், மொசில்லா ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய இரண்டையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன். மைக்ரோசாஃப்ட் எட்ஜ், பிரேவ், ஓபரா ஆகியவை குரோமுக்கு அடித்தளமான குரோமியத்தின் மீது கட்டப்பட்டவை என்பதால், குரோமுக்குச் சொல்வது பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும். நம்மில் பலர் ஆங்கிலத் திரையையே பயன்படுத்துவதால், பட்டிகளின் பெயர்களை அதே ஒலிப்பில் தந்திருக்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு இவற்றின் இடம் சற்று மாறும். 'செட்டிங்ஸ்' பக்கத்தில் உள்ள தேடல் கட்டத்தில் பெயரைத் தட்டச்சு செய்தால் அந்த இடத்துக்கே போய்விடலாம்.

முதலில் அளந்து பாருங்கள்

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2016 முதல் நடத்திவரும் ஃபாஸ்ட் டாட் காம் என்ற தளத்தைத் திறந்தால், எந்தப் பொத்தானையும் அழுத்தாமலே உங்கள் இணைப்பின் வேகம் எண்ணாகத் தெரியும். அந்த எண் மெகாபிட் கணக்கில் இருக்கும். கோப்புகளின் அளவையோ மெகாபைட்டில் சொல்கிறோம். 8 பிட் சேர்ந்தது 1 பைட் என்பதால், 40 மெகாபிட் இணைப்பில் ஒரு நொடிக்கு 5 மெகாபைட் அளவுக்குத்தான் இறங்கும். இந்த வேறுபாடு தெரியாமல், நிறுவனம் சொன்ன வேகம் வரவில்லையே என்று வருந்துவோர் நிறைய. சோதனையை ஒரே நாளில் காலை, மாலை, இரவு என மூன்று முறை செய்து, எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எண் எப்போதுமே மிகக் குறைவாக இருந்தால், கீழே சொல்லப்போகும் மாற்றங்கள் ஓரளவுக்கே உதவும். அந்நிலையில் முதலில் வை-ஃபை கருவியின் அருகில் அமர்ந்து மறுபடியும் அளந்து பாருங்கள். கருவியும் கணினியும் இடம் கொடுத்தால், நெரிசல் மிகுந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விட்டு 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள்.

அதே தளத்தில் கூடுதல் விவரங்களைக் காட்டும் பொத்தானை அழுத்தினால் 'லேட்டன்சி' என்றொரு எண் மில்லிநொடியில் தெரியும். நம் கணினி அனுப்பும் ஒரு செய்தி மறுமுனைக்குப் போய்த் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் அது. பக்கங்கள் திறக்கும் வேகத்தைப் பொறுத்தவரை, பதிவிறக்க வேகத்தைவிட இந்த எண்ணே பல நேரங்களில் முக்கியமானது. தொலைவில் உள்ள ஒரு வழங்கியை (பக்கங்களை அனுப்பும் கணினியான சர்வரை) நாம் முதன்முறை தொடர்புகொள்ளும்போது, இணைப்பை நிறுவ ஒரு முறையும், மறையாக்கத்தை (பிறர் படிக்க முடியாதபடி செய்தியை மறைத்து அனுப்பும் முறையை) ஒப்புக்கொள்ள இன்னொரு முறையும், பக்கத்தைக் கேட்டு வாங்க மற்றொரு முறையும் செய்தி போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வொரு பயணமும் 200 மில்லிநொடி என்றால், பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்குள் 0.6 நொடி கழிந்துவிடும். ஒரு செய்தித்தளம் இப்படி இருபது வெவ்வேறு வழங்கிகளிலிருந்து துண்டுகளை வரவழைத்தால், எத்தனை மெகாபிட் இணைப்பு இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். பின்னால் விளம்பரத் தடுப்பானைப் பற்றி நான் விரிவாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இணைப்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்தபின், நீங்கள் அன்றாடம் திறக்கும் ஐந்து தளங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றைத் திறந்து, விசைப்பலகையின் மேல்வரிசையில் உள்ள எஃப் 12 விசையை அழுத்துங்கள். வரும் பலகத்தில் 'நெட்வொர்க்' என்ற பகுதிக்குப் போய்ப் பக்கத்தை மீண்டும் ஏற்றினால், பலகத்தின் அடியில் எத்தனை கோரிக்கைகள் போயின, எத்தனை மெகாபைட் வந்தது, எத்தனை நொடி ஆனது என்ற மூன்று எண்களும் தெரியும். இந்தப் பலகம் நிரலாளர்களுக்கானது என்று அஞ்ச வேண்டாம். அந்த ஒற்றை வரியைப் படித்தால் போதும். ஐந்து தளங்களுக்கும் அந்த எண்களைக் குறித்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க இந்தத் தாள்தான் துணை.

உலாவியைப் புதுப்பியுங்கள்

குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் 'ஹெல்ப்' பட்டியில் உள்ள 'அபவுட்' என்பதைத் திறந்தாலே, புதிய பதிப்பு இருக்கிறதா என்று உலாவி தேடத் தொடங்கிவிடும். பாதுகாப்புக்காக மட்டுமன்றி, வேகத்துக்காகவும் இதைச் செய்ய வேண்டும். 2022 ஜூன் மாதத்தில் தரநிலையாக வெளியான எச்டிடிபி 3 என்ற நெறிமுறை, மேலே சொன்ன முதல் இரண்டு பயணங்களை ஒன்றாக்கிவிடுகிறது. இன்றைய உலாவிகள் தாமாகவே இதைப் பயன்படுத்துகின்றன. நாம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. விண்டோஸ் 7 உள்ள பழைய கணினியில் குரோம் 109 ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அத்தகைய கணினியை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு, நீண்டகால ஆதரவுக்கென வெளியிடப்பட்ட ஃபயர்ஃபாக்ஸ் 115 ஆம் பதிப்பே குரோமைவிட ஏற்றது.

நீட்சிகளைச் சோதியுங்கள்

புதியவர் ஒருவருக்கு ஒரே ஒரு மாற்றத்தைத்தான் சொல்ல முடியும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன். உலாவிக்குக் கூடுதல் வசதி தரவென்று நாம் சேர்க்கும் சிறு நிரல்களான நீட்சிகளில் ('எக்ஸ்டென்ஷன்ஸ்') பல, 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி பெற்றே வருகின்றன. அதாவது, நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த நீட்சியின் நிரல் ஒருமுறை ஓடுகிறது. உறவினர் ஒருவரின் மடிக்கணினியைப் பார்க்கச் சென்றபோது, அதில் 14 நீட்சிகள் இருந்தன. அவற்றுள் அவர் தெரிந்து சேர்த்தவை மூன்றே. மற்றவை இலவச மென்பொருள்களை நிறுவியபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தவை. அந்த 11 நீட்சிகளை நீக்கியதும், இணைப்பில் எந்த மாற்றமும் செய்யாமலே, பக்கங்கள் உடனுக்குடன் திறக்கத் தொடங்கின.

குறை நீட்சிகளில் இருக்கிறதா என்று அறிய எளிய வழி, மறைநிலைச் சாளரத்தில் (குரோமில் 'இன்காக்னிடோ', ஃபயர்ஃபாக்ஸில் 'பிரைவேட்' சாளரம்) அதே பக்கத்தைத் திறந்து பார்ப்பது. நாம் தனியாக அனுமதி கொடுத்தாலன்றி, மறைநிலைச் சாளரத்தில் நீட்சிகள் இயங்குவதில்லை. அங்கே பக்கம் கண்கூடாக விரைந்து திறந்தால், ஐயம் நீட்சிகளின் மீதுதான் விழ வேண்டும். அப்போது நீட்சிகள் பக்கத்துக்குப் போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நாளுக்கு ஒன்றாக இயக்கிப் பாருங்கள். எதை இயக்கிய நாளில் வேகம் குறைகிறதோ, அதை நீக்கிவிடுங்கள். மாதம் ஒருமுறை மட்டும் தேவைப்படும் நீட்சியை நீக்க மனம் வரவில்லை என்றால், குரோமில் அதன் 'டீட்டெய்ல்ஸ்' பக்கத்தில் 'சைட் ஆக்சஸ்' என்பதை 'ஆன் கிளிக்' என்று மாற்றி வைக்கலாம். அதன்பின் நீங்கள் அதன் படத்தை அழுத்தும்போது மட்டுமே அது விழிக்கும்.

எந்த நீட்சி, எந்த டேப் எவ்வளவு நினைவகத்தை எடுத்துக்கொள்கிறது என்று கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. இரு உலாவிகளிலும் 'மோர் டூல்ஸ்' பட்டியில் 'டாஸ்க் மேனேஜர்' இருக்கிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும் அது திறக்கும். பட்டியலை நினைவக அளவின்படி வரிசைப்படுத்தினால், முதல் மூன்று இடங்களில் இருப்பவைதாம் உங்கள் கணினியைத் திணறவைப்பவை.

பக்கத்தின் சுமையைக் குறையுங்கள்

நீட்சிகளை நீக்கச் சொல்லிவிட்டு, ஒன்றை மட்டும் சேர்க்கச் சொல்கிறேன். விளம்பரத் தடுப்பான் என்பது பெயரளவில் விளம்பரத்தை மறைக்கும் கருவியாகத் தோன்றினாலும், அது செய்யும் உண்மையான வேலை கோரிக்கைகளை எழும்பவிடாமல் நிறுத்துவதே. ஒரு விளம்பரத்துக்கு ஒரு படம் மட்டும் வருவதில்லை. யார் அதிகம் தருவார் என்று ஏலம் விடும் நிரல், நம்மை அடையாளம் காணும் நிரல், பார்த்தோமா என்று கணக்கெடுக்கும் நிரல், சில வேளைகளில் தானே ஓடும் காணொளி என்று ஒரு படையே வருகிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு வழங்கியிலிருந்து வருவதால், முன்னே சொன்ன மூன்று பயணங்களும் ஒவ்வொன்றுக்கும் நடக்கும். வந்து சேர்ந்தபின் அவற்றை ஓட்டுவதற்குக் கணினியின் செயலியும் (பிராசஸர்) உழைக்க வேண்டும். இவற்றை வாசலிலேயே நிறுத்தும்போது, இணைப்பு, நினைவகம், செயலி ஆகிய மூன்றின் சுமையும் ஒருசேரக் குறைகின்றது. வேறெந்த அமைப்பை மாற்றினாலும் இந்த மூன்று பயனும் ஒன்றாகக் கிடைப்பதில்லை.

ரேமண்ட் ஹில் என்பவர் 2014 முதல் உருவாக்கிவரும் யூபிளாக் ஆரிஜின் இதற்கு நம்பகமானது. இலவசமானது; அதன் மூலநிரலும் திறந்தே இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் இதன் முழு வடிவம் இயங்குகிறது. கூகுள் தன் நீட்சிகளுக்கான விதிமுறைகளை மாற்றியதால், குரோமில் 2024, 2025 ஆண்டுகளில் படிப்படியாக முழு வடிவம் நிறுத்தப்பட்டுவிட்டது. அங்கே யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற சுருக்கப்பட்ட வடிவத்தைத்தான் சேர்க்க முடியும். அதுவும் அன்றாடத் தேவைக்கு நன்றாகவே உதவுகிறது. நிறுவும்போது பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஒத்த பெயரில் போலிகள் இருக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட விளம்பரத் தடுப்பான்களை ஒரே நேரத்தில் இயக்காதீர்கள். ஒரே வேலையை இருவர் செய்யும்போது வேகம் குறையுமே தவிரக் கூடாது.

நிறுவியபின், குறித்து வைத்த ஐந்து தளங்களையும் மீண்டும் திறந்து எஃப் 12 பலகத்தைப் பாருங்கள். விளம்பரம் மிகுந்த செய்தித்தளம் ஏதேனும் உங்கள் ஐந்தில் இருந்தால், கோரிக்கைகளின் எண்ணிக்கை விழுந்திருப்பதை அங்கேயே காண்பீர்கள். விக்கிப்பீடியா போன்ற விளம்பரமற்ற தளத்தில் எந்த மாற்றமும் இருக்காது, இருக்கவும் கூடாது. இங்கே என் கருத்து ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் மதிக்கும் சிறு தளம் ஒன்று விளம்பர வருவாயை நம்பி நடக்கிறது என்றால், அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பானை அணைத்து வையுங்கள். தடுப்பானின் படத்தை அழுத்தி ஒரு சொடுக்கில் இதைச் செய்துவிடலாம். சிறு சிறு தமிழ்த் தளங்கள் எத்தனை கடினத்தோடு நடத்தப்படுகின்றன என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன்.

நீட்சியே வேண்டாம் என்று நினைப்பவர்கள், ஃபயர்ஃபாக்ஸில் 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி' பகுதியில் 'என்ஹான்ஸ்டு டிராக்கிங் புரொடெக்ஷன்' என்பதை 'ஸ்ட்ரிக்ட்' நிலைக்கு மாற்றலாம். பின்தொடரும் நிரல்கள் பல இதனால் நின்றுவிடும். ஏதேனும் ஒரு தளம் சரியாக இயங்கவில்லை என்றால், முகவரிப் பட்டையில் உள்ள கேடயப் படத்தை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். அதே பகுதியில், அனுமதிகளின் கீழ், 'ஆட்டோபிளே' என்பதைத் திறந்து ஒலி, ஒளி இரண்டையும் தடுத்துவிட்டால், பக்கத்தைத் திறந்ததும் ஓடத் தொடங்கும் காணொளிகள் நின்றுவிடும். குரோமில் 'சைட் செட்டிங்ஸ்' பகுதியில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்பதைத் திறந்து, தளங்கள் அறிவிப்பு அனுப்பக் கூடாது என்று வையுங்கள். அங்கே ஏற்கெனவே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலையும் பார்த்து, அறிமுகமில்லாதவற்றை நீக்குங்கள்.

டேப்களும் நினைவகமும்

குரோம் 2008 இல் வெளியானபோதே டேப்களைத் தனித்தனிச் செயல்களாகப் பிரித்து இயக்கியது. ஒரு பக்கம் முடங்கினாலும் மற்றவை முடங்காமல் இருக்க அந்த ஏற்பாடு. 2018 இல் கணினிச் செயலிகளில் (பிராசஸர்) ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபின், ஒவ்வொரு தளத்தையும் இன்னும் கறாராகப் பிரித்து வைக்க வேண்டியதாயிற்று. அதனால் மொத்த நினைவகத் தேவை 10 முதல் 13 விழுக்காடு வரை கூடும் என்று கூகுளே அப்போது சொன்னது. பாதுகாப்புக்காக நாம் தரும் விலை அது. அதை அணைக்கச் சொல்லும் அறிவுரைகளை ஏற்க வேண்டாம். 4 ஜிபி நினைவகம் கொண்ட கணினியில் முப்பது டேப்கள் திறந்திருந்தால், இடம் போதாமல் இயக்குதளம் நினைவகத்தில் உள்ளதை வன்வட்டுக்கு மாற்றி எழுதத் தொடங்கும். அந்தக் கணமே கணினி முழுவதும் தவழத் தொடங்கிவிடும். பழைய சுழல்வட்டு உள்ள கணினியில் இந்தத் தாமதம் மிகக் கொடியது.

குரோமில் 'செட்டிங்ஸ்' பக்கத்தில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற பகுதியைத் திறந்து 'மெமரி சேவர்' என்பதை இயக்குங்கள். 2022 இறுதியில் வந்த இந்த வசதி, சிறிது நேரமாக நீங்கள் பார்க்காத டேப்களை நினைவகத்திலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அவற்றை மீண்டும் அழுத்தும்போது புதிதாக ஏற்றும். அதில் உள்ள மூன்று நிலைகளில் நடுநிலையான 'பேலன்ஸ்டு' பெரும்பாலோருக்குப் பொருந்தும். இறக்கப்பட்ட பக்கத்தில் நீங்கள் பாதி நிரப்பிய படிவம் இருந்தால் அது அழிந்துபோகும் வாய்ப்பு உண்டு என்பதால், அலுவலகத் தளங்களையும் நீண்ட விண்ணப்பப் படிவங்கள் உள்ள தளங்களையும், எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்களின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். எட்ஜில் இதே வசதி 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ், விண்டோஸில் நினைவகம் குறையும்போது தானே டேப்களை இறக்கிவிடுகிறது. முந்தைய டேப்களோடு திறக்கும்படி வைத்திருந்தாலும், நீங்கள் அழுத்தும் டேப்பை மட்டுமே அது ஏற்றுகிறது.

குரோமின் 'சிஸ்டம்' பகுதியில், உலாவியை மூடிய பின்னும் பின்னணியில் ஆப்கள் இயங்க இடமளிக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. குறைந்த நினைவகம் உள்ளவர்கள் அதை அணைத்துவிடலாம்.

கேஷை நாள்தோறும் அழிக்காதீர்கள்

வேகத்துக்காக நாள்தோறும் கேஷை அழியுங்கள் என்ற அறிவுரை பரவலாகச் சொல்லப்படுகிறது. அது வேகத்தைக் குறைக்கும் அறிவுரை. ஒரு தளத்தின் சின்னம், எழுத்துரு, வடிவமைப்புக் கோப்பு ஆகியவற்றை ஒருமுறை இறக்கியபின் கணினியிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த முறை அங்கிருந்தே எடுப்பதற்காகத்தான் கேஷ் இருக்கிறது. அதை அழித்துவிட்டால், எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும். கணினியைத் துப்புரவு செய்வதாகச் சொல்லும் மென்பொருள் ஏதேனும் உங்களிடம் இருந்தால், கணினியைத் தொடங்கும் போதெல்லாம் உலாவியின் கேஷை அது அழிக்கிறதா என்று பார்த்து, அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

அழிக்க வேண்டிய நேரமும் உண்டு. ஒரு பக்கம் உருக்குலைந்து தெரிந்தாலோ, மாற்றப்பட்ட பக்கம் இன்னும் பழையதாகவே தெரிந்தாலோ, முதலில் கண்ட்ரோல், எஃப் 5 விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். அந்தப் பக்கம் மட்டும் புதிதாக இறங்கும். அதிலும் சரியாகவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் விசைகளைச் சேர்த்து அழுத்தி, வரும் சாளரத்தில் சேமிக்கப்பட்ட படங்களுக்கும் கோப்புகளுக்கும் உரிய குறியை மட்டும் இட்டு அழியுங்கள். உங்கள் உள்நுழைவை நினைவில் வைக்கும் குக்கீக்குக் குறியிட்டால் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேற்றப்படுவீர்கள். கடவுச்சொல்லுக்குக் குறியிட்டால் அவற்றையும் இழப்பீர்கள். அவசரத்தில் எல்லாக் குறிகளையும் இட்டுவிட்டுப் பின்னர் வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிஎன்எஸ்: எதைத் தரும், எதைத் தராது

தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். வழக்கமாக நம் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் வழங்கியே இதைச் செய்கிறது. அது மெதுவானதாகவோ அடிக்கடி முடங்குவதாகவோ இருந்தால், பக்கம் தொடங்கும் முன்பே ஓரிரு நொடி வெறும் திரை தெரியும். அந்த அறிகுறி உங்களுக்கு இருந்தால் டிஎன்எஸ் வழங்கியை மாற்றிப் பாருங்கள். கூகுள் 2009 முதல் தரும் 8.8.8.8, கிளவுட்ஃபிளேர் 2018 ஏப்ரல் 1 முதல் தரும் 1.1.1.1, குவாட் 9 தரும் 9.9.9.9 ஆகிய மூன்றும் இலவசமானவை. கணினியின் பிணைய அமைப்புகளில் நுழையாமலே, குரோமின் 'செக்யூரிட்டி' பகுதியில் 'யூஸ் செக்யூர் டிஎன்எஸ்' என்பதிலும், ஃபயர்ஃபாக்ஸின் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' என்பதிலும் வேறு வழங்கியைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதனால் பதிவிறக்க வேகம் கூடாது. புதிய தளத்தை முதலில் தொடும்போது ஏற்படும் தாமதம் மட்டுமே குறையும். ஒருமுறை கிடைத்த முகவரியைக் கணினி சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால், அதே தளத்தில் நீங்கள் உலவும்போது வேறுபாடு எதுவும் தெரியாது. அலுவலகத்திலோ கல்லூரியிலோ உள்ள பிணையத்தில் இதை மாற்றினால், அந்த நிறுவனத்தின் உள் தளங்கள் திறக்காமல் போகலாம். வீட்டுக் கணினியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னும் சில மாற்றங்கள்

பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போது தடைபட்டுத் தடைபட்டு நகர்ந்தால், குரோமின் 'சிஸ்டம்' பகுதியில் வரைகலை முடுக்கத்துக்கான (திரையில் வரையும் வேலையைக் கணினியின் வரைகலைச் சில்லுக்குத் தரும்) அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸில் 'ஜெனரல்' பகுதியின் 'பெர்ஃபார்மன்ஸ்' என்பதில், பரிந்துரைக்கப்பட்ட அமைப்புகளுக்கான குறியை எடுத்தால் இந்த அமைப்பு தெரியும். மிகப் பழைய கணினிகளில் இதுவே திரை மினுக்கத்துக்குக் காரணமாவதும் உண்டு. அப்போது அணைத்துப் பாருங்கள். குரோமில் இருக்கும் 'பிரீலோட் பேஜஸ்' என்ற வசதி, நீங்கள் அழுத்தக்கூடும் என்று ஊகிக்கும் பக்கங்களை முன்கூட்டியே எடுத்து வைக்கும். அளவற்ற இணைப்பு உள்ளவர்களுக்கு அது நல்லது. அளந்து வாங்கும் இணைப்பு உள்ளவர்கள் அணைத்து வைக்கலாம்.

தமிழ்ப் பக்கங்களை அதிகம் படிப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பல தமிழ்த் தளங்கள் தமக்கென ஓர் எழுத்துருவைக் கூடவே அனுப்புகின்றன; மெதுவான இணைப்பில் அது வந்து சேரும்வரை எழுத்துகள் தெரியாமலே இருப்பதுண்டு. விண்டோஸில் நிர்மலா யூஐ போன்ற தமிழ் எழுத்துருக்கள் ஏற்கெனவே இருப்பதால், அனுப்பப்படும் எழுத்துரு இல்லாமலும் பக்கம் தெளிவாகத் தெரியும். யூபிளாக் ஆரிஜினின் சிறு சாளரத்தில் தொலை எழுத்துருக்களைத் தடுக்கும் பொத்தான் இருக்கிறது. தளம் தளமாக அதை இயக்கலாம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் உள்ள பழைய தளங்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கே எழுத்துரு வராவிட்டால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும்.

கைப்பேசியில்

நாளொன்றுக்கு இத்தனை ஜிபி என்று வரையறுத்த திட்டங்களில், அந்த அளவு தீர்ந்தபின் வேகத்தை 64 கிலோபிட்டுக்குக் குறைப்பது இந்தியாவில் வழக்கமாக இருக்கிறது. 64 கிலோபிட் என்றால் நொடிக்கு 8 கிலோபைட். 2 மெகாபைட் எடையுள்ள ஒரு பக்கம் அந்த வேகத்தில் இறங்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே கைப்பேசியில் சுமையைக் குறைப்பது கணினியைவிட இன்னும் அவசியம்.

ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகளைச் சேர்க்க முடியாது. முன்பு அதில் இருந்த தரவுச் சேமிப்பு வசதியையும் 2022 இல் கூகுள் நீக்கிவிட்டது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸிலோ யூபிளாக் ஆரிஜினின் முழு வடிவத்தையே சேர்க்கலாம் என்பதால், குறைந்த வேக இணைப்பு உள்ளவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். உலாவியை மாற்ற விரும்பாதவர்கள், ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற அமைப்பைப் பயன்படுத்தலாம். விளம்பர வழங்கிகளின் பெயர்களுக்கு முகவரி தர மறுக்கும் அட்கார்ட் போன்ற டிஎன்எஸ் சேவையின் முகவரியை, அதன் தளத்தில் பார்த்து அங்கே இட்டால், எல்லாச் செயலிகளிலும் விளம்பரக் கோரிக்கைகள் குறையும். ஐஃபோனில், சஃபாரிக்கான விளம்பரத் தடுப்பான்களை ஆப் ஸ்டோரிலிருந்து நிறுவி, சஃபாரியின் அமைப்புகளில் இயக்க வேண்டும்.

வேகம் மிகக் குறைந்த இடத்தில் செய்தி படிக்க மட்டும் ஓபரா மினி உதவும். அதன் உச்சச் சேமிப்பு நிலையில், பக்கத்தை ஓபராவின் வழங்கிகள் முதலில் வாங்கிச் சுருக்கி, நமக்கு அனுப்புகின்றன. நமக்கும் தளத்துக்கும் இடையில் இன்னொருவர் பக்கத்தைப் பிரித்துப் படித்துக் கட்டுகிறார் என்று பொருள். எனவே அந்த நிலையில் வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ திறக்காதீர்கள்.

பழைய தந்திரங்களை ஒதுக்கிவையுங்கள்

ஃபயர்ஃபாக்ஸின் உள்ளமைப்புப் பக்கத்தை (முகவரிப் பட்டையில் about:config என்று தட்டச்சு செய்தால் வருவது) திறந்து, 'பைப்லைனிங்' என்ற வரியை இயக்கி, அதன் எண்ணை 30 என்று வைத்தால் இணையம் பறக்கும் என்ற குறிப்பு தமிழில் பல ஆண்டுகளாகச் சுற்றிவருகிறது. ஒரே இணைப்பில், பதில் வரும்வரை காத்திராமல், அடுத்தடுத்த கோரிக்கைகளை அனுப்பும் பழைய முறை அது. இடையில் உள்ள பல கருவிகள் அதைச் சரியாகக் கையாளாததால், இயல்பாக அது அணைக்கப்பட்டே இருந்தது. 2015 இல் தரநிலையான எச்டிடிபி 2 அந்த வேலையை முறையாகச் செய்யத் தொடங்கியபின், 2017 இல் ஃபயர்ஃபாக்ஸ் பைப்லைனிங்கை முழுவதுமாக நீக்கிவிட்டது. இன்று அந்த வரியை நீங்களே உருவாக்கி வைத்தாலும் உலாவி அதைத் திரும்பிப் பார்க்காது.

அதே குறிப்புகளில் சொல்லப்படும், ஒரு வழங்கியோடு வைத்துக்கொள்ளும் இணைப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டும் மாற்றமோ இன்றும் வேலை செய்யும், ஆனால் தீங்காக. இயல்பான எண் 6. அதை மிகவும் கூட்டினால் சில வழங்கிகள் உங்களைத் தாக்குதல் நடத்துபவராகக் கருதித் தடுத்துவிடக்கூடும். இத்தகைய மாற்றங்களை முன்பு செய்திருந்தால், உள்ளமைப்புப் பக்கத்தில் மாற்றப்பட்ட வரிகள் தடித்த எழுத்தில் தெரியும். ஒவ்வொன்றின் வலப்புறமும் உள்ள வளைந்த அம்புக்குறியை அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லித் தனியே விற்கப்படும் மென்பொருள்களையும் நிறுவாதீர்கள். அவற்றுள் பல, முன்னே சொன்ன வேண்டாத நீட்சிகளைக் கொண்டுவந்து சேர்ப்பவை.

எதுவும் உதவாதபோது

மேலே சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஐந்து தளங்களை அளந்து பார்த்தபின்னும் வேகம் திரும்பவில்லை என்றால், உலாவியை முதல் நிலைக்குக் கொண்டுபோகலாம். ஃபயர்ஃபாக்ஸில் 'ஹெல்ப்' பட்டியில் 'மோர் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்ற பக்கத்தைத் திறந்து 'ரிஃப்ரெஷ் ஃபயர்ஃபாக்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள், பார்த்த பக்கங்களின் பட்டியல், குக்கீகள் ஆகியவை அப்படியே இருக்கும். நீட்சிகளும் நீங்கள் மாற்றிய அமைப்புகளும் நீங்கிவிடும். பழைய விவரங்கள் அடங்கிய கோப்புறை ஒன்றை ஃபயர்ஃபாக்ஸ் உங்கள் முகப்புத் திரையில் வைக்கும். எல்லாம் சரியாக இருக்கின்றன என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு, அதை அழித்துவிடுங்கள், ஏனெனில் அதில் உங்கள் கடவுச்சொற்களும் இருக்கின்றன. குரோமில் 'ரீசெட் செட்டிங்ஸ்' என்ற பகுதி இதே வேலையைச் செய்கிறது; ஆனால் அங்கே குக்கீகள் அழியும், நீட்சிகள் நீக்கப்படாமல் அணைத்து மட்டும் வைக்கப்படும். அவற்றுள் தேவையானதை மட்டும், அளவுத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்குங்கள்.